ஏழாம் பாகத்தின் முதல் ஊர்

சித்தி மருமகளாக வந்தபோது சீர் சாமான்களோடு சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியும் வந்தது. பீரோ, கட்டில், கிரைண்டர், கலர் டிவி எல்லாம் லாரியில் வந்தன. அந்தப் பெட்டியை மட்டும் சித்தி ஒரு துண்டில் சுற்றித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வந்திருந்தாள். அம்மா அதைத் தையல் மெஷினின் ஏதோ ஒரு பாகம் என்று நினைத்தாள். அப்பா வி.சி.ஆர். என்றார். இரண்டும் இல்லை, டிவியில் மாட்டி விளையாடுவது என்று சித்தப்பா விளக்கியதும், “கண்ணாலம் முடிச்சு வந்த புள்ள வெளையாடறதுக்கா?” என்று அப்பா ஒரு முறை கேட்டார். அதோடு விட்டுவிட்டார், மறுபடி கேட்கவில்லை.

அப்போது நான் நாலாம் வகுப்பு. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நாங்கள் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் காடு உழுத விவசாயிகள்தான். ஆனால் அப்பா செம்மேட்டில் உரக்கடை போட்டு, கடைக்குப் பின்னாலேயே வீடும் கட்டிக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். சித்தப்பா ஜீப் வைத்திருந்தார். மிளகும் குச்சிக்கிழங்கும் கீழே போகும், உர மூட்டையும் ஆட்களும் மேலே வருவார்கள். சித்திக்கு ஊர் மலையின் மறுபக்கம், புளியஞ்சோலைக்குப் பக்கத்தில். ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் அரை நாள்தான் என்பார்கள். பஸ்ஸில் போனால் சேந்தமங்கலம் இறங்கி, நாமக்கல் போய், துறையூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் சித்தி எப்போதும் பக்கத்தில் இருந்து வந்தவளாகவும் வெகுதூரத்திலிருந்து வந்தவளாகவும் எனக்குத் தோன்றுவாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் பையை எறிந்துவிட்டு சித்தியின் அறைக்குள் ஓடிவிடுவேன். அந்த நேரத்தில் அப்பா கடையில் இருப்பார், சித்தப்பா ஏதாவது ஒரு வளைவில் இருப்பார், அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள். சித்தி கையில் மஞ்சள் வாசனையோடு பொத்தான்கள் வைத்த விளையாட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாள். டிவிக்குள் ஒரு பையன் வாளை முதுகில் மாட்டிக்கொண்டு காட்டில் நடந்துகொண்டிருப்பான். அவன் வாயைத் திறந்தால் சத்தம் வராது. கீழே கட்டம் போட்டு இங்கிலீஷில் எழுத்துத்தான் வரும். சித்தி அதை வாசித்து, அப்படியே எங்கள் பேச்சில் எனக்குச் சொல்வாள். “ஏனுங்க ராஜா, எங்கூரக் காப்பாத்துங்க”ன்னு சொல்றான் பாரு என்பாள். அந்த நாட்டு ராஜாக்கள் எல்லாரும் கொங்குத் தமிழ் பேசுகிறவர்கள் என்றே நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அது ஒரே பெயரில் பாகம் பாகமாக வந்த கதை. சித்தியிடம் ஆறு பாகங்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு சீடிகள். ஒரு பாகத்தின் ஆட்கள் அடுத்த பாகத்தில் வரமாட்டார்கள். ஊர் வேறு, நாடு வேறு, கடல் வேறு. இருந்தாலும் என்ன நடக்கப்போகிறது என்று சித்திக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

மூன்றாம் பாகத்தைத் தொடங்கிய அன்று, அந்தப் பையனின் ஊரில் காலை விடிந்து, கோழி கூவி, அவனுடைய அம்மா அவனை எழுப்பிக்கொண்டிருந்தாள். பார்க்கவே அழகான ஊர். சித்தி கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், “இந்த ஊரு இன்னிக்கு எரிஞ்சு போயிரும் கண்ணு” என்றாள்.

எரிந்தது. நான் வாயைப் பிளந்தேன்.

“அதெப்படி சித்தி தெரியும்?”

“எல்லாப் பாகத்துலயும் மொத ஊரு எரியும்.”

“ஏன்?”

“எரியலைன்னா அவன் எதுக்கு ஊட்ட உட்டுக் கெளம்பறான்? ஆத்தா சுட்டுப் போட்ட தோசையத் தின்னுட்டு அங்கயேதான இருப்பான்.”

அன்றுமுதல் நான் ஒரு ரஃப் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். வாள் கொடுக்கிற தாடிக்காரர் சீக்கிரம் செத்துப்போவார். கழுத்தில் பதக்கம் போட்ட பெண், தான் யாரென்று தெரியாத ராஜகுமாரி. மண், தண்ணீர், நெருப்பு, காற்று என்று நாலு கல்லைத் தேட வேண்டும், மூன்று சுலபமாகக் கிடைக்கும், நாலாவதை எதிரி எடுத்துக்கொண்டு போயிருப்பான். கூட வருகிற ஆட்களில் ஒருவருக்குப் பழசெல்லாம் மறந்திருக்கும், இன்னொருவர் நடுவில் காட்டிக்கொடுப்பார். கெட்ட ராஜாவைக் கொன்றதும் கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது, அவனுக்குப் பின்னால் ஒருவன் இருப்பான், அவனும் செத்துச் செத்து மூன்று முறை உருவம் மாறி எழுந்து வருவான். முதலில் நடை, பிறகு கப்பல், கடைசியில் பறக்கிற கப்பல். அந்தப் பறக்கிற கப்பலைப் பழுது பார்க்கிறவன் பெயர் எல்லாப் பாகத்திலும் ஒன்றே. முகம் மட்டும் ஒரு பாகத்தில் கிழவன், ஒரு பாகத்தில் குண்டன், ஒரு பாகத்தில் பெண்பிள்ளை.

“ஒரே ஆளா சித்தி அது?”

“இல்ல. பேருதான் ஒண்ணு.”

“பின்ன எதுக்கு அதே பேரு?”

சித்தி கொஞ்சம் யோசித்தாள். “புது ஊருக்குப் போறப்பத் தெரிஞ்ச பேரு ஒண்ணு காதுல உழுந்தா நல்லாத்தான இருக்கும்?” என்றாள்.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நோட்டில் இன்னொரு வரியும் எழுதினேன். நாயகனின் பெயரும் எல்லாப் பாகத்திலும் ஒன்று. திரையின் அடியில் நாலு இங்கிலீஷ் எழுத்தில் அது எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். நாலாம் வகுப்பு இங்கிலீஷை வைத்து அதைக் கூட்டி வாசித்துவிட்டேன். நம் ஊர்ப் பெயராகவே இருந்தது. அதுபற்றி எனக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. ராஜாவே கொங்குத் தமிழ் பேசும்போது நாயகனுக்கு நம் ஊர்ப் பெயர் இருந்தால் என்ன?

எல்லா விதியும் வெளியில் செல்லுபடியாகவில்லை என்பதையும் கண்டுபிடித்தேன். கதைக்குள் அந்தப் பையன் யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைவான், பானையைத் திறப்பான், உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வான், வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று “இன்று நல்ல வெயில்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். எதிர்வீட்டில் இதைச் சோதித்துப் பார்த்தேன். பானைக்குள் சாமை அரிசி இருந்தது. அந்த வீட்டு அக்கா வெயிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என் காதைப் பிடித்து அம்மாவிடம் கொண்டுவந்து விட்டாள். ஆனால் கடைக்காரர்கள் எப்போது போனாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள் என்ற விதி எங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருந்தியது. “யூரியா நாளைக்கு வந்துருமுங்க.” ஒரு வாரம் நின்று கவனித்தேன், மாறவே இல்லை.

ஆறாம் பாகம் முடிந்த சமயத்தில் ஏழாம் பாகம் வந்தது. சேந்தமங்கலத்தில் யாரோ கொடுத்தனுப்பினார்கள் என்று சித்தப்பா பழுப்புத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காதது. சித்தி அதை இரண்டு நாள் பீரோவுக்குள் வைத்து, எடுத்து எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது விளையாட்டு தொடங்கியிருந்தது. புது ஊர், புதுப் பையன், அடியில் அதே நாலெழுத்துப் பெயர்.

ஊரின் வடக்கே ஒரு மரப்பாலம். “இதத் தாண்டுனா ஊரு எரியும்” என்றாள் சித்தி. பிரிக்காத பாகம், யாரும் பார்க்காத கதை. இதுவுமா தெரியும்?

தெரிந்ததாலோ என்னவோ, அவள் பாலத்தைத் தாண்டவில்லை. அந்த ஊரில் ஆறு வீடுகள், ஒரு கிணறு, ஒரு கொல்லன் பட்டறை. சித்தி வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரிடமும் பேசினாள். பூனையைத் தொலைத்த ஒரு சிறுமிக்குப் பூனையைத் தேடிக் கொடுத்தாள். கிணற்றடியில் நின்ற பெண்ணிடம் ஒரு நாளைக்கு இரண்டு முறை பேசினாள். அந்தப் பெண் இரண்டு முறையும் தன் மகனுக்குக் காய்ச்சல் என்றுதான் சொன்னாள். நீலமாக ஒளிரும் ஒரு வட்டத்தில் நின்றால்தான் விளையாட்டு விட்ட இடத்தை மனசில் வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் எல்லாம் முதலிலிருந்து. எங்கள் மலையில் காற்றடித்தாலே கரண்ட் போகும். ஆகவே அந்த வட்டத்துக்கும் கிணற்றுக்கும் இடையிலேயே இரண்டு வாரம் ஓடியது.

“தாண்டு சித்தி. என்ன ஆகுதுன்னு பாக்கலாம்.”

“என்ன ஆகும்னுதான் தெரியுமே.”

“தெரிஞ்சா அப்பறம் எதுக்கு வெளையாடறே?”

“என்ன ஆகும்னு தெரியும். யாரெல்லாம் இருக்காங்கன்னு தெரியாதில்ல கண்ணு. அதப் பாத்துக்கறேன்.”

என் ஆர்வம் வேறு பக்கம் இருந்தது. யாரும் பார்க்காத கதை இவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார்?

சந்தை நாளில் விடை கிடைத்தது. சந்தைக்குப் போனால் சித்தி நடுவில் பத்து நிமிடம் காணாமல் போவாள். நூல் வாங்கப் போனேன், பூ வாங்கப் போனேன் என்பாள். அன்று அம்மா தக்காளிக்காரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நான் சித்தியின் பின்னால் போனேன். அவள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தாள். சித்தப்பாவின் ஜீப் சற்றுத் தள்ளி நின்றது. அவர் அதன்மேல் சாய்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் செம்மேட்டில் எங்கும் நிற்கும், ஆகவே அதில் எனக்குக் கவனம் இல்லை. பூத்தின் கதவு மழையில் ஊதிப்போய் முழுதாகச் சாத்தாது. நான் அந்த இடுக்கில் காதை வைத்தேன்.

சித்தி அந்தப் பெயரைச் சொன்னாள். நாயகனின் பெயரை. நான் காதை இன்னும் அழுத்தி வைத்தேன்.

“சாப்ட்டியாடா? அவ நல்லா இருக்காளா? ... இல்லடா, இன்னும் ஊருக்குள்ளயேதான் சுத்திக்கிட்டு இருக்கேன். பாலத்தத் தாண்டல. ... உன்னாட்டம் எனக்குத் தைரியம் ஏது?”

சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சந்தேகமே இல்லை. சித்தி நாயகனோடு போனில் பேசுகிறாள். அவன் எந்த ஊரில் நிற்கிறான் என்பதுவரை இருவருக்கும் தெரிந்திருக்கிறது. ‘அவ’ என்றால் பதக்கம் போட்ட ராஜகுமாரியாக இருக்கும். எட்டு வயதில் ஒருத்தி இதைவிடப் பெரிதாக எதைக் கண்டுபிடித்துவிட முடியும்?

இந்தச் செய்தியை ஒரு நாள் முழுக்க வயிற்றுக்குள் வைத்திருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கோழிக் குழம்பு. அப்பாவும் சித்தப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம், அம்மாவும் சித்தியும் பரிமாறினார்கள். எல்லாரும் ஒன்றாக இருக்கிற நேரம் அதுதான் என்று நான் தேர்ந்தெடுத்தேன்.

“சித்திக்கு எல்லாம் எப்படி முன்னாடியே தெரியுதுன்னு நான் கண்டுபுடிச்சுட்டேன்!”

“எப்படி?” என்றார் அப்பா, எலும்பைக் கடித்துக்கொண்டே. நல்ல மனநிலையில் இருந்தார்.

“அவங்கூடவே போன்ல பேசுது. பூத்துல. நான் பாத்தேன்.”

“எவங்கூட?”

பெயரைச் சொன்னேன்.

அம்மாவின் கையில் கரண்டி நின்றது. அப்பா எலும்பைத் தட்டில் வைத்தார்.

“இன்னொருக்காச் சொல்லு சாமி.”

அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து உரக்கச் சொன்னேன். யாரும் என்னைப் பாராட்டவில்லை. அப்பா சித்தியிடம் எதுவும் கேட்கவில்லை. நேரே பேசும் வழக்கம் இருவருக்கும் கிடையாது. தம்பியின் பக்கம் திரும்பினார்.

“நிச்சயத்தன்னிக்கு ஒரே ஒரு பேச்சுத்தான் பேசுனோம். அவுங்கப்பாவும் சரின்னாரு, நீயும் சரின்ன. இது உனக்குத் தெரியுமா?”

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அதில் பிசைய ஒன்றும் மீதி இல்லை.

“தெரியாதுங்ண்ணா.”

நான் சித்தியைப் பார்த்தேன், என்மேல் கோபமாக இருக்கிறாளா என்று. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சித்தப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பெரிய நிம்மதி. ஜீப் அங்கே நின்றது ஞாபகம் வந்தது. ஆனால் ஜீப்பைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

“அந்தப் பொட்டி இனி இந்த ஊட்டுல ஓட வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவ எழுந்தார். சித்தப்பா அன்று மாலையே பெட்டியைப் பழைய துண்டில் சுற்றிக் கூரைக்கடியில் இருந்த அட்டாலியில், தேங்காய் நார் மூட்டைக்குப் பின்னால் ஏற்றிவைத்தார். ஏழாம் பாகத்தில் ஊர் எரியவும் இல்லை, பாலத்தை யாரும் தாண்டவும் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புது வழக்கம் ஏற்பட்டது. சித்தி சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, முகம் சுளிப்பு இல்லை, நேரத்துக்குச் சோறு, துவைத்த சட்டை எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் என் வழியாக.

“உங்க சித்தப்பாகிட்டச் சொல்லு சாமி, தண்ணி காஞ்சிருச்சுன்னு.”

சித்தப்பா இரண்டடி தள்ளித்தான் நிற்பார். நான் திரும்பி, “தண்ணி காஞ்சிருச்சாமா” என்பேன். “செரின்னு சொல்லு கண்ணு” என்பார். நான் திரும்பி அதையும் சொல்வேன். முதலில் வேடிக்கையாக இருந்தது. பத்து நாளில் எனக்கு வேலை அதிகமாகிவிட்டது. அறைக்குள் இரண்டு பேரும் இருக்கும்போது வெளியே விளையாடப் போக முடியவில்லை, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

ஒரு நாள் சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

“என்மேல கோவமா சித்தி?”

“உம்மேல எதுக்குக் கோவம்? நீ பாத்த, பாத்ததச் சொன்ன.”

“அவன் நெசமாவே இருக்கானா?”

பின்னல் நின்றது. “எந் தம்பி கண்ணு அவன். உனக்கு மாமா மொற. கோயமுத்தூருல இருக்கறான். அந்தப் பொட்டி அவனுது. வெளையாட்டுல பேரு நாமளே வெச்சுக்கலாம். அவன் அவம் பேர வெச்சான். இங்க வந்தப்பறம் ஏழாவது வரைக்கும் நானும் அதையே வெச்சேன்.”

நான் நோட்டை எடுத்து அந்த ஒரு வரியை அடித்தேன். கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த விதி. பிறகு கேட்டேன், “அந்த மாமாகிட்டப் பேசுனா அப்பாவுக்கு எதுக்குக் கோவம்?”

“அவன் ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டான்.”

“கண்ணாலம் பண்ணுனா நல்லதுதான?”

“நல்லதுதான்” என்றாள் சித்தி. பின்னலை இறுக்கிக் கட்டினாள், வலித்தது. “வேற சாதிப் புள்ள. எங்கப்பா எனக்கு மகனே பொறக்கலைன்னுட்டாரு. அவங்கூடப் பேச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் உங்கூட்டுல என்னையக் கட்டுனாங்க.”

அப்படியானால் அந்த மாமாவின் ஊர் எரிந்துவிட்டதா என்று கேட்டேன். சித்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். ‘அவ’ ராஜகுமாரி இல்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவாயிற்று.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போயிருக்கும். மறுபடி ஒரு சந்தை நாள். காலையில் சித்தப்பா ஜீப்பை எடுக்கவில்லை. ஏணி போட்டு அட்டாலியில் ஏறிப் பெட்டியை இறக்கினார். துடைத்தார். டிவியில் மாட்டும் ஒயரை எலி கடித்துத் தின்றிருந்தது, உள்ளே இருந்த செம்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு குளித்து, கல்யாணத்துக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்பக்கம் கடைக்குப் போனார். என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நானும் பின்னால் போனேன்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். சித்தப்பா ஆட்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை.

“அண்ணா, அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னனே, அது பொய்யிங்ண்ணா. பூத்துக்கு வாராவாரம் கூட்டிட்டுப் போனதே நாந்தான். கூடப் பொறந்தவங்கிட்டப் பேசாம ஒருத்தி எப்படி இருப்பா? இன்னிக்கும் கூட்டிட்டுப் போறேன். உங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அண்ணனிடம் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அப்பா எதிரில் நின்றவரிடம், “எத்தன மூட்டைங்க கேட்டீங்க?” என்றார். “ரெண்டுங்க” என்றார் அவர். அப்பா மூட்டைகளைப் பார்த்தார். மறுபடி திரும்பி, “எத்தனைன்னீங்க?” என்றார். “ரெண்டுங்க.” சித்தப்பா உள்ளே வந்தார்.

சித்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் பேசியதெல்லாம் அங்கே கேட்கும்.

“கெளம்பு புள்ள. பூத்துக்குப் போலாம்.”

சித்தி என்னிடம் சொன்னாள், “எதுக்குன்னு கேளு சாமி.”

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, “அவகிட்டச் சொல்லாத. நேரா என்னையக் கேளு” என்றார்.

முறம் நின்றது. பிறகு உள்ளே போனவள் புடவை மாற்றி, தலைவாரி வர எடுத்துக்கொண்ட நேரத்தில் சந்தையே முடிந்துவிடும் போலிருந்தது. மூன்று பேரும் கடை வழியாகவே வெளியே போனோம். அப்பா எங்களைத் தடுக்கவில்லை. பார்க்கவுமில்லை.

பூத்துக்குள் மூன்று பேர் நிற்க இடம் போதாது. நான் சித்தியின் இடுப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டேன். அன்று சித்தி அதிகம் பேசவில்லை. “நாந்தான்டா” என்றாள், “ஒண்ணுமில்லடா” என்றாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு, “உங்க மாமா பேசறாங்கடா” என்று ரிசீவரைச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

சித்தப்பா அதைக் காதில் வைத்துக்கொண்டு காசு காட்டும் மெஷினில் சிவப்பு எண்கள் ஓடுவதையே பார்த்தார். அவரும் அந்த மாமாவும் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்று இப்போது தெரிகிறது. தொண்டையைச் செருமினார்.

“மாப்ள, நாந்தானுங்க பேசறேன். நல்லா இருக்கீங்களா? ... ம். இங்கயும் அப்படித்தானுங்க. ...” ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். “அந்தப் பொட்டி இருக்குதில்லீங்க. அதோட ஒயர எலி கடிச்சிருச்சு மாப்ள. இங்க எங்கயும் கெடைக்க மாட்டேங்குது. நீங்கதான் ஒண்ணு வாங்கீட்டு, நீங்களே வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போகோணும். அவுங்களையும் கூட்டிட்டு வாங்க. வந்தா ரெண்டு நாளைக்கு இருக்கற மாதிரி வாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “பொய்யி! நம்ம கேசட் கடையிலயே இருக்குது சித்தப்பா! நான் பாத்திருக்கறேன்!” என்று கத்தினேன். சித்தப்பா மிளகு மணக்கும் கையால் என் வாயைப் பொத்தினார். சித்தி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் மழையில் நனைந்துகொண்டு அந்த மாமாவும் அத்தையும் வந்து இறங்கினார்கள். அப்பாவுக்கு அன்றைக்கென்று நாமக்கல்லில் அவசர வேலை வந்துவிட்டது. போவதற்கு முன் காலையிலேயே இரண்டு கிலோ கறி வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அதெல்லாம் பிறகு. பூத்திலிருந்து வீட்டுக்கு நடந்த அன்று எனக்குக் கோபம்தான் மிஞ்சியிருந்தது. கேசட் கடை வழியில்தான் இருக்கிறது. வாசலில் ஆணியடித்து மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக அதே ஒயரைக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் நின்று அதைக் கைகாட்டினேன். இருவரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஒருவரோடொருவர் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டே கடையைத் தாண்டிப் போனார்கள். கண்ணெதிரில் தொங்குகிற பொருளை விட்டுவிட்டு, அதைக் கொண்டுவரச் சொல்லிக் கோயமுத்தூரிலிருந்து ஒரு மனிதரை எழுபது வளைவு ஏறி வரவைக்கிற பெரியவர்களின் அறிவை நினைத்து, அன்று வீடு வந்து சேரும்வரை நான் மிகவும் கவலைப்பட்டேன்.